வேகம் குறையட்டும், ஓட்டம் குறையாமல்: கடல்குதிரைத் தொட்டி வழியே ஓர் அறிவியல் பாடம்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்குக் கடல்குதிரை புதிய உயிரி அல்ல. வலையில் மற்ற மீன்களோடு சிக்கி வரும் கடல்குதிரையை நம் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். உயிரோடு கிடைத்தால் பாட்டிலில் கடல்நீர் பிடித்து, அதில் விட்டு, வகுப்புக்கே கொண்டுவர நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. "நம்ம ஸ்கூல்ல ஒரு கண்ணாடித் தொட்டி வச்சு வளர்க்கலாமே டீச்சர்? ஏர் பம்ப் போட்டா போதாதா?" என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு முதலில் சொல்ல வேண்டிய பதில் சட்டம் சார்ந்தது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் கடல்குதிரைகள் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. பிடிப்பதும், வைத்திருப்பதும், காய வைத்து விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பள்ளியில் வளர்க்கலாம் என்ற விதிவிலக்கு எதுவும் நமக்கு இல்லை. இதைப் பிள்ளைகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவர்களுடைய அப்பாவோ சித்தப்பாவோதான்.

ஆனால் "சட்டம் கூடாது என்கிறது" என்பதோடு நிறுத்திவிட்டால் அறிவியல் ஆசிரியரின் வேலை முடிந்துவிடாது. ஏர் பம்ப் போட்டால் போதுமா என்பது நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் கன அளவு, பரப்பளவு, திசைவேகம், நைட்ரஜன் சுழற்சி, உயிரியின் தகவமைப்பு என்று ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பல கருத்துகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஆகவே நான் கடல்குதிரை இல்லாமலேயே கடல்குதிரைத் தொட்டி ஒன்றை வகுப்பில் வடிவமைக்கச் சொல்கிறேன். தொட்டி தாளில் இருக்கும். சோதனை வாளியில் நடக்கும். நான்கு பாடவேளைகள் போதும்.

இத்தகைய தொட்டிகள் உலகில் உண்மையிலேயே உள்ளன என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்திரேலியாவில் தாஸ்மானியாவின் பியூட்டி பாயின்ட் என்ற ஊரில் கடல்குதிரைகளை இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் நிலையம் உள்ளது. சிட்னியில் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் ஒருவகைக் கடல்குதிரையின் குட்டிகளை மீன்காட்சியகத்தில் வளர்த்து, 2020இல் துறைமுகக் கடலுக்குள் விட்டார்கள். அங்கே பொறுப்பில் இருப்பவர்கள் எதிர்கொள்ளும் அதே கணக்கைத்தான் நம் பிள்ளைகளும் போடப் போகிறார்கள்.

முதல் பாடவேளை: உடலைப் படித்தல்

எந்தக் கருவி வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்த உயிரிக்கு என்று கேட்க வேண்டும். கரும்பலகையில் கடல்குதிரையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே "ஆகவே தொட்டியில்..." என்ற வாக்கியத்தை நிரப்பச் சொல்கிறேன்.

வால்துடுப்பு இல்லை. முதுகில் உள்ள சிறு துடுப்பு நொடிக்கு 30 முறைக்கு மேல் துடித்தும் உடல் மெதுவாகவே நகர்கிறது. ஆகவே தொட்டியில் வேகமான நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வால் எதையாவது சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தொட்டியில் பிடிமானம் வேண்டும். நீரை உறிஞ்சும் குழாயையும் அது பிடிமானம் என்றே நினைக்கும் என்பதால், குழாய் வாய்க்கு மூடி வேண்டும்.

பல் இல்லை, இரைப்பை இல்லை. இரையைத் துரத்தாது, அருகே வரும்போது குழல் போன்ற வாயால் உறிஞ்சி முழுதாக விழுங்கும். செரிமானம் முழுமையாக நடக்காததால் அடிக்கடி உண்ண வேண்டும், கழிவும் அதிகம். ஆகவே தொட்டியில் இரை மெல்ல மிதந்து வர வேண்டும். மிச்சமும் கழிவும் தேங்காமல் வெளியேற வேண்டும்.

இணை சேரும்போது ஆணும் பெண்ணும் நீரில் மேல்நோக்கி எழும். ஆகவே தொட்டி அகலத்தைவிட உயரத்தில் தாராளமாக இருக்க வேண்டும். நிமிர்ந்த உடல் நீளத்தைப் போல் மூன்று மடங்கு உயரம் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. 15 சென்டிமீட்டர் வளரும் கடல்குதிரைக்கு 45 சென்டிமீட்டர் நீர் வேண்டும்.

இந்தப் பட்டியல் முடியும்போது பிள்ளைகளே ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கழிவு அதிகம் என்பதால் நிறைய நீர் வடிகட்டிக்குள் போய்வர வேண்டும். ஆனால் நீச்சல் வலு குறைவு என்பதால் நீர் வேகமாக ஓடக் கூடாது. இரண்டும் எப்படிச் சேரும்? இதுதான் மீதி மூன்று பாடவேளைகளின் கேள்வி.

இரண்டாம் பாடவேளை: ஓட்டத்தின் அளவும் வேகமும்

60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,20,000 கன சென்டிமீட்டர், அதாவது 120 லிட்டர். அடியில் மணலும் மேலே இடைவெளியும் போக நீர் சுமார் 100 லிட்டர் இருக்கும். கடல்குதிரை வளர்ப்பில், மணிக்குக் குறைந்தது 5 முறையாவது தொட்டி நீர் முழுவதும் வடிகட்டி வழியே சென்று வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கழிவை எண்ணிப் பலர் இதற்கு மேலும் வைக்கிறார்கள். ஆகவே மணிக்கு 500 லிட்டருக்குக் குறையாத பம்ப் தேவை.

இங்கே ஒரு செயல்பாடு. ஏர் கூலரில் போடும் சிறிய நீர்மூழ்கி பம்ப் எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கும். பெட்டியின் மேல் மணிக்கு இத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை மாணவர்கள் நம்பாமல் அளக்க வேண்டும். ஒரு பெரிய டப்பில் பம்பை மூழ்கவைத்து, குழாயை ஒரு மேசை உயரத்துக்குத் தூக்கி, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் 45 நொடி ஆனது. 3,600ஐ 45ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் மணிக்கு 800 லிட்டர். பெட்டியில் இருந்ததோ 1,100. தூக்கும் உயரம் கூடக் கூட வெளிவரும் நீர் குறையும் என்பதை மேசை, நாற்காலி, தரை என்று உயரம் மாற்றி மாற்றி அளந்து வரைபடமாகப் போடலாம்.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. பிளக்கை ஆசிரியர் மட்டுமே செருகி எடுக்க வேண்டும். பிளக்கை எடுத்த பிறகே யாரும் நீரில் கை வைக்க வேண்டும். மின்கசிவுத் தடுப்பான் இல்லாத வகுப்பறையில் பம்பே வேண்டாம். மேசைமேல் வாளியை வைத்து ரப்பர் குழாயால் நீரை இறக்கினால் இதே அளவீட்டைச் செய்துவிடலாம்.

அடுத்தது முக்கியமான படி. மணிக்கு 800 லிட்டர் என்பது நொடிக்குச் சுமார் 222 கன சென்டிமீட்டர். இந்த நீர் ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுள்ள குழாய் வழியே வெளிவந்தால் அதன் வேகம் நொடிக்கு 222 சென்டிமீட்டர். கடல்குதிரைக்கு இது வெள்ளம். அதே நீரை, ஒவ்வொன்றும் 0.2 சதுர சென்டிமீட்டர் உள்ள 20 துளைகள் போட்ட நீளக் குழாய் வழியே விட்டால் மொத்தப் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர். வேகம் நொடிக்குச் சுமார் 55 சென்டிமீட்டராகக் குறைகிறது. ஒவ்வொரு துளையின் பீய்ச்சலும் மெல்லியது என்பதால் சிறிது தூரத்திலேயே அடங்கியும் விடும். அந்தத் துளைகளைக் கண்ணாடிச் சுவரை நோக்கித் திருப்பிவிட்டால் நீர் சுவரில் மோதிப் பரவி, இன்னும் மெதுவாகத் தொட்டிக்குள் வரும்.

நீரை உள்ளிழுக்கும் பக்கத்திலும் இதே கணக்குத்தான். திறந்த குழாய் வாயில் வால் மாட்டினால் கடல்குதிரையால் இழுத்துக்கொள்ள முடியாது. அந்த வாய்மேல் 6 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஸ்பான்ஜ் உருளையை மாட்டினால், பக்கப் பரப்பு சுமார் 190 சதுர சென்டிமீட்டர். 222ஐ 190ஆல் வகுத்தால் நொடிக்கு 1.2 சென்டிமீட்டருக்கும் குறைவு. வாலைச் சுற்றிக்கொண்டு அது அங்கேயே நிம்மதியாக நிற்கலாம்.

ஓட்டத்தின் அளவைக் குறைக்காமலே வேகத்தைக் குறைத்துவிட்டோம். பரப்பை அதிகரித்ததால் இது முடிந்தது. ஆற்று நீர் அகலமான இடத்தில் மெதுவாகவும் குறுகலான இடத்தில் விரைவாகவும் ஓடுவதைப் பார்த்த பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கண்ணால் காண ஒரு வழி உண்டு. ஈர்க்குச்சிகளில் விரல் நீள நூலைக் கட்டி, டப்பின் அடியில் களிமண்ணில் குத்தி வையுங்கள். ஒவ்வொரு ஈர்க்கும் ஒரு கடல்குதிரை. பம்ப் ஓடும்போது நூல் கிடைமட்டமாக விறைத்து நீண்டால் அங்கே வேகம் அதிகம். நூல் அசையாமல் தொங்கினால் அங்கே நீர் தேங்குகிறது. கழிவும் அங்கேதான் சேரும். நூல் மெல்ல ஆடினால் அதுவே பொருத்தமான இடம். பல ஈர்க்குகளை வைத்து டப்பின் நீரோட்ட வரைபடத்தைக் குழுவாக வரையலாம். தொட்டி முழுவதும் ஒரே வேகம் இருக்க வேண்டியதில்லை, எந்த மூலையும் தேங்காமல் இருந்தால் போதும் என்பதும் இங்கேதான் விளங்கும்.

மூன்றாம் பாடவேளை: வடிகட்டி என்பது ஒரு வீடு

வடிகட்டி என்றதும் பிள்ளைகள் டீ வடிகட்டியை நினைக்கிறார்கள். தூசியைப் பிடிப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீரிலும் மீன் சாகலாம். காரணம் அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும், அழுகும் இரையிலிருந்தும் அது நீரில் சேர்கிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது அவ்வளவு தீங்கானது அல்ல. அவ்வப்போது நீரின் ஒரு பகுதியை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். கடல்நீர் காரத்தன்மை உடையது. நடுநிலை நீரோடு ஒப்பிட்டால், நச்சு வடிவில் இருக்கும் அம்மோனியாவின் பங்கு கடல்நீரில் பல மடங்கு அதிகம். ஆகவே கடல்நீர்த் தொட்டியில் இன்னும் கவனம் வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜிலும், மணலிலும், பாறையின் துளைகளிலும் ஒட்டி வாழ்கின்றன. வடிகட்டி என்பது அவற்றின் வீடு. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடக் கூடாது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என மூன்று கோடுகளைக் கரும்பலகையில் வரைந்து, எது முதலில் ஏறி இறங்கும், எது கடைசியில் ஏறும் என்று வரிசைப்படுத்தச் சொன்னால் நைட்ரஜன் சுழற்சி மனப்பாடம் இல்லாமலே பதியும்.

"ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணியில கழுவலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். குடிநீரில் குளோரின் எதற்காகக் கலக்கிறார்கள் என்று தெரிந்த மாணவர் பதில் சொல்லிவிடுவார். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலச வேண்டும்.

பிறகு கருவி அட்டைகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கருவி. அதன் நன்மை, குறை, கடல்குதிரைக்குப் பொருந்துமா என்று வாதிட வேண்டும்.

ஏர் பம்போடு கூடிய ஸ்பான்ஜ் வடிகட்டி: விலை குறைவு, உறிஞ்சும் வேகம் குறைவு, பாக்டீரியாவுக்கு நல்ல வீடு. குட்டிகளுக்கு ஏற்றது. முழு வளர்ச்சி பெற்றவற்றின் கழிவுக்கு இது மட்டும் போதாது.

வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி: கொள்ளளவு அதிகம். துளைக் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம். மூடிய பெட்டி என்பதால், மின்சாரம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும்.

சம்ப் என்னும் கீழ்த்தொட்டி: எல்லாக் கருவிகளும் கீழே இருப்பதால் கடல்குதிரை எதிலும் மாட்டாது. மொத்த நீரின் அளவும் கூடுகிறது. இடமும் செலவும் அதிகம்.

புரோட்டீன் ஸ்கிம்மர்: நுண்ணிய காற்றுக்குமிழ்களில் கரிமக் கழிவை ஒட்டவைத்து, நுரையாக வெளியே தள்ளும். கடற்கரையில் ஒதுங்கும் நுரையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஆனால் குமிழ்கள் தொட்டிக்குள் வராமல் தடுக்க வேண்டும். நீரில் வாயு மிகைப்பட்டால் கடல்குதிரைகளுக்குத் தோலடியிலும் குட்டிப்பையிலும் காற்றுக்குமிழ் நோய் வர வாய்ப்புண்டு.

சுற்றோட்ட பம்ப்: தேங்கும் மூலைகளை அசைக்க உதவும். சுழலும் பகுதியைச் சுற்றி ஸ்பான்ஜோ சல்லடையோ கட்டாயம்.

சில்லர் என்னும் நீர்க்குளிர்விப்பான்: பல கடல்குதிரை இனங்களைத் தொட்டியில் 22 முதல் 24 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள்; வெப்பம் ஏறினால் மூடிய நீரில் விப்ரியோ போன்ற நோய்க்கிருமிகள் பெருகும். நம் வகுப்பறையின் மே மாத வெப்பத்தைப் பிள்ளைகளே வெப்பமானியில் படித்துச் சொல்லட்டும்.

வாதத்தின் முடிவில் பெரும்பாலும் இப்படி ஒரு தேர்வு வந்து நிற்கும்: கீழ்த்தொட்டி, அதில் ஸ்கிம்மர், ஸ்பான்ஜ் மூடிய உறிஞ்சு வாய், துளைக் குழாய் வழியே வெளியேற்றம், மூடி போட்ட ஒரு சிறு சுற்றோட்ட பம்ப், சில்லர், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு. இவற்றோடு சனி, ஞாயிறு உட்பட நாள்தோறும் இரண்டு வேளை இரை கொடுக்க ஓர் ஆள். ஏர் பம்ப் போட்டால் போதுமா என்ற கேள்விக்கு இப்போது பிள்ளைகளிடமே பதில் இருக்கிறது. பாட்டிலில் விட்ட கடல்குதிரை ஏன் இரண்டு நாளில் செத்துப்போகிறது என்பதற்கும் அவர்களே காரணங்களை அடுக்குவார்கள்.

நான்காம் பாடவேளை: கடலில் இந்த வேலைகளைச் செய்வது யார்?

தேர்ந்தெடுத்த கருவிகளை ஒரு பக்கம் எழுதி, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். கடலுக்குள் அதே வேலையை யார் செய்கிறார்கள் என்று நிரப்ப வேண்டும்.

பாக் நீரிணைக் கடலின் ஆழம் குறைந்த பகுதிகளிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும் கடற்புல் மேய்ச்சல் நிலம்போல் பரந்து கிடக்கிறது. கடல்குதிரைகள் வாழும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. கடற்புல்லின் இலைகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. நாம் துளைக் குழாயால் செய்த வேலை அது. கலங்கல் அங்கே படிகிறது. அது ஸ்பான்ஜின் வேலை. அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் அது உணவாக எடுத்துக்கொள்கிறது. பகலில் ஆக்சிஜன் வெளியிடுகிறது. இலையில் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகளுக்கு வீடாகிறது. வாலால் சுற்றிப் பிடிக்கத் தண்டும் தருகிறது. கடல்குதிரை உண்ணும் சிறு இறால் வகைகளும் அங்கேயே வளர்கின்றன. நாம் ஆறேழு கருவிகள் தேடிய வேலையை ஒரு தாவரம் மின்சாரம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

அடியோடு இழுத்துச் செல்லும் வலை கடற்புல்லைப் பெயர்க்கும்போது எந்தெந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பிறகு சிறிது நேரம் பேச்சே இல்லை. இழுவைப் படகில் வேலைக்குப் போகும் வீடுகளின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். யாரையும் குற்றம் சாட்டும் இடமாக வகுப்பை ஆக்கிவிடக் கூடாது. இங்கே ஆசிரியருக்கு நிதானம் வேண்டும். கடலை நம்பி வாழும் குடும்பத்துக்குக் கடற்புல் இருந்தால்தான் நாளைக்கும் மீன் என்பதை அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே பேசலாம். வலையில் உயிரோடு வந்த கடல்குதிரையை உடனே கடலில் விட்டுவிடுங்கள் என்பது வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய எளிய செய்தி.

உள்மாவட்டப் பள்ளிகளுக்கு

கடல் இல்லாத ஊரிலும் இப்பாடத்தை நடத்தலாம். மீன் விற்கும் கடைகளில் சிறு குப்பியில் வைத்திருக்கும் சண்டை மீனுக்கும் நீண்ட துடுப்பு உண்டு. வேகமான நீர் அதற்கும் ஆகாது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் அந்த மீனுக்கு எந்த வடிகட்டி, எவ்வளவு ஓட்டம் என்று இதே வரிசையில் கேட்கலாம்: உடல், அளவு, வேகம், பாக்டீரியா, வாழிடம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 80 லிட்டர் நீருள்ள தொட்டிக்கு மணிக்கு 6 முறை நீர் சுழல வேண்டும். 10 லிட்டர் வாளியை நிரப்ப 60 நொடி எடுக்கும் பம்ப் போதுமா?

2. ஓட்டத்தின் அளவு மாறாமல் குழாய் வாயின் விட்டம் இரு மடங்கானால் நீரின் வேகம் என்ன ஆகும்?

3. தெளிவான நீர் எல்லாம் மீனுக்குப் பாதுகாப்பான நீர் ஆகுமா? காரணம் கூறுக.

4. இரை போடும் நேரத்தில் பம்பைக் கால் மணி நேரம் நிறுத்துவதால் வரும் நன்மை என்ன? மறந்து நிறுத்தியே விட்டால் என்ன ஆகும்?

5. கடற்புல் செய்யும் வேலைகளில் எதையெல்லாம் தொட்டியில் கருவியால் ஈடுகட்ட முடியவில்லை?

ஐந்தாவது வினாவுக்கு ஒரே விடை என்று எதுவும் இல்லை. மாணவர் காட்டும் காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.